எரியாத மருந்து

சேலியமேட்டு உலகநாதன் வீட்டுக்குப் படர்தாமரை நாலு காலில் நடந்து வந்தது. திருபுவனைப் பக்கம் ஒரு குடியானவனிடம் அவர் ஆசைப்பட்டு வாங்கிய செவலைக் கன்றுக்குக் கண்ணைச் சுற்றி வட்டமாக மயிர் உதிர்ந்திருந்தது. "மொகத்துல சந்திரன் இருக்குது, ராசியான கன்னு" என்று விற்றவன் சொன்னானாம். இவரும் வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற மனுஷர். கயிற்றைப் பிடித்து ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். கொஞ்ச நாளில் அந்தச் சந்திரன் கன்றின் முகத்திலிருந்து கிளம்பி, கூடவே படுக்கிற நாயின் முதுகுக்குப் போய், கன்றைக் கட்டிக்கொண்டு கொஞ்சுகிற சின்ன மகள் அமிர்தத்தின் முழங்கைக்கு வந்து, கடைசியில் பெரியவள் தனக்கொடியின் கழுத்தில் ஏறி உட்கார்ந்தது. அதுவும் அவளைப் பெண் பார்க்க வருகிற நேரத்தில்.

உலகநாதனின் பெண்சாதி கனகாம்பாள் இதற்கெல்லாம் அசருகிறவள் இல்லை. பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்புமாக நிலம் நீச்சு இருக்கிற வீடு. மாடு கன்று, ஆள் அம்பு என்று ஏதாவது ஒன்றுக்குச் சொறி சிரங்கு வந்துகொண்டேதான் இருக்கும். கன்றுக்கும் நாய்க்கும் வேப்பெண்ணெயில் கந்தகப் பொடியைக் குழைத்துப் பூசினாள். நாய் நக்கிவிடும் என்று பழைய முறத்தில் ஓட்டை போட்டு அதன் கழுத்தில் மாட்டிவிட்டாள். அது அந்த முறத்தோடு தெருவில் ராஜா மாதிரி நடந்து போனதைப் பார்த்து ஊரே சிரித்தது. அமிர்தத்தின் இளந்தோலுக்குப் பூவரசங்காயைக் கீறி அதன் மஞ்சள் பாலைத் தடவினாள்.

பெரியவர்களுக்கு மட்டும் அவள் மருந்து வேறு. நாகமல்லி வேரையும் தழையையும் தகரை விதையையும் எலுமிச்சம்பழச் சாறு விட்டு அம்மியில் மை போல அரைப்பாள். படர்தாமரை இருக்கிற இடத்தை முதலில் வறட்டியால் தேய்க்க வேண்டும். தோல் சிவந்து நீர் கசிகிற வரைக்கும் தேய்த்து, அந்த ரணத்தின் மேலேயே மருந்தை அப்ப வேண்டும். அப்பின மாத்திரத்தில் ஆள் எழுந்து முற்றத்தைச் சுற்றி ஓடுவான். பண்ணையாள் பக்கிரி, எருமையைத் தனியாளாக மடக்குகிறவன், அவன்கூட ஒரு தடவை "அய்யோம்மா" என்று கிணற்றடிக்கு ஓடியிருக்கிறான். கனகாம்பாளுக்கு அதைக் கேட்டால்தான் திருப்தி. "எரிஞ்சாதான்டா மருந்து. எரியலன்னா அது வெறும் சந்தனம்" என்பாள்.

அந்த மருந்தைத் தனக்கொடிக்கும் போட்டாள். பெண் கண்ணீர் விட்டுக் கதறினாள், வட்டம் கொஞ்சம் வாடியது. ஆனால் முழுசாகப் போவதற்குள் வில்லியனூர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

வில்லியனூரில் அரிசி மண்டி வைத்திருக்கிற வீடு அது. வள்ளிநாயகி என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் இல்லை. புருஷன் கண்ணை மூடின பிறகு மண்டியையும் ஒரே மகன் சண்முகசுந்தரத்தையும் தனி ஆளாகத் தூக்கி நிறுத்தினவள். புதுச்சேரியில் துரைமார் வீட்டுச் சமையலுக்குக்கூட அவள் மண்டி அரிசிதான் போகும் என்று பெயர். அப்படிப்பட்ட இடம் தானாக வருகிறது, விடுவாளா கனகாம்பாள்? மகளின் கழுத்தில் சந்தனத்தைக் கெட்டியாகப் பூசி, அதன்மேல் காசுமாலையைப் போட்டு மறைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், பங்குனி வெயிலில் படர்தாமரையை மறைக்க முடியாது. அது அரிக்கும். நமஸ்காரம் பண்ணி எழுந்த பெண்ணின் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. சந்தனம் உதிர்ந்தது.

வள்ளிநாயகி எழுந்து வந்து காசுமாலையை ஒரு விரலால் ஒதுக்கிப் பார்த்தாள். "அரிக்குதா கண்ணு?" என்று கேட்டாள்.

"ஆமாங்க" என்றாள் தனக்கொடி, அழாத குறையாக.

கனகாம்பாளுக்குப் பூமி பிளக்கக்கூடாதா என்று இருந்தது. ஆனால் வள்ளிநாயகி சிரித்தாள். "இதுக்காம்மா மறைச்சீங்க? கன்னு காலி இருக்கிற வூட்ல இது இல்லாமயா இருக்கும்? எங்க அந்தக் கன்னு, நான் பாக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே தொழுவத்துக்குப் போனாள். பட்டுச் சேலை சாணியில் புரள்வதைக்கூடக் கவனிக்காமல் கன்றின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்ல கன்னு" என்றாள். அப்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. கன்றுக்குட்டியைப் பார்த்து ஒரு பொம்பளைக்கு எதற்கு இவ்வளவு நிம்மதி என்று கனகாம்பாளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த சந்தோஷத்தில் இருந்தாள் அவள்.

சீர் செனத்தி பற்றி வள்ளிநாயகி வாயே திறக்கவில்லை. வைகாசியில் கல்யாணம் நடந்தது. பிரெஞ்சு சர்க்காரின் மேரி ஆபீசிலும் போய்க் கல்யாணத்தைப் பதிந்துவிட்டு வந்தார்கள். பந்தலில் வந்தவர்களிடமெல்லாம் வள்ளிநாயகி ஒரே பேச்சைத்தான் பேசினாள். "எம் மருமவளுக்குக் கழுத்துல படர்தாமரை, பாத்தீங்களா? கன்னுகிட்டேருந்து ஒட்டிக்கினா. நான் அதெல்லாம் பாக்கிற ஆளா?" வந்தவர்களும் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா மனசு, இன்னா மனசு" என்று மெச்சினார்கள். வட்டம் அதற்குள் கறுத்து மங்கித்தான் போயிருந்தது. இதைச் சொல்லாமலே விட்டிருக்கலாமே என்று பெற்றவளுக்கு உள்ளுக்குள் முள் குத்தியது. ஆனாலும் தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா?

ஆடி பிறந்ததும் வழக்கப்படி பெண்ணை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். தனக்கொடி கழுத்தில் வடுகூட இல்லை. முகம் பூசினாற்போல இருந்தது. அவர் மண்டியிலிருந்து வரும்போது மடியில் பனங்கற்கண்டு முடிந்து வருவாராம், அம்மாவுக்குத் தெரியாமல் கொடுப்பாராம், கோபமே வராதாம். வாயைத் திறந்தால் அவர் புராணம்தான். அமிர்தம் கேலி பண்ணித் தீர்த்துவிட்டாள். கனகாம்பாள் கேட்காதது போலக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள்.

ஆவணி முதல் வாரத்தில் சண்முகசுந்தரம் வந்தான். வந்தவனோடு அவன் அம்மாவின் சேதியும் வந்தது. வண்டிக்காரன் பின்கட்டுக்கு வந்து ஒப்பித்தான்: "உங்க வூட்டுப் படர்தாமரை எம் புள்ளைக்கு ஒட்டிக்கிச்சாம். நீங்கதான் அதுக்குப் பேர் போனவங்களாம். நல்லா வைத்தியம் பண்ணி வைங்க, நானே வந்து ரெண்டு பேரையும் கூட்டினு போறேன்னு ஆச்சி சொல்லச் சொன்னாங்க."

கனகாம்பாளுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. பெண்ணைக் கொடுத்ததோடு நோயையும் கொடுத்தோமே என்று மனசு குறுகினாள். அன்றைக்கே நாகமல்லியைத் தோண்டச் சொன்னாள்.

அவர்கள் வீட்டில் மாமியார் மருமகன் எதிரில் நிற்பதில்லை. பேச வேண்டியதைக் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து மகளை விட்டுப் பேசுவதுதான் மரியாதை. ஆகவே நோயை அவள் கண்ணால் பார்க்கவில்லை. காதால்தான் பார்த்தாள். ஆயிரம் பேருக்கு வைத்தியம் பண்ணின கை, சொந்த மாப்பிள்ளைக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வைத்தியம் பண்ணிற்று.

"எங்கடி இருக்குதாம்?" என்று மகளைக் கேட்டாள்.

"முதுவுல ரெண்டு எடத்துல. இடுப்புக்கு மேல ஒண்ணு."

"ஓரமெல்லாம் செவந்து பொரிப்பொரியா இருக்குதா?"

"அப்படி ஒண்ணும் இல்லியே. வெளுப்பா, பளபளன்னு இருக்குது."

"ராத்திரில சொறியறாரா?"

தனக்கொடிக்கு வெட்கம் வந்துவிட்டது. "நீ ஒண்ணும்மா. அவரு சொறிஞ்சி நான் பாத்ததே இல்ல" என்று சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

படர்தாமரை வந்தவன் கை சும்மா இருக்காது. இது கனகாம்பாளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கூச்சத்தில் பெண் எதையோ விழுங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு, மேற்கொண்டு கேட்காமல் விட்டுவிட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் மாப்பிள்ளையைத் தாழ்வாரத்தில் பலகை போட்டு உட்கார வைத்தார்கள். உலகநாதன் எதிரில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கிரி வறட்டியோடு பின்னால் நின்றான். கனகாம்பாள் அரைத்த மருந்தை அவனிடம் கொடுத்தனுப்பிவிட்டு அடுக்களைக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். குளிர்ந்த தயிரைக் கிண்ணத்தில் எடுத்துப் பக்கத்தில் வைத்திருந்தாள். மாப்பிள்ளை பதறிப்போனால் மேலே தடவ வேண்டுமே என்று.

வறட்டி சரசரவென்று தேய்க்கிற சத்தம் கேட்டது. பக்கிரி நன்றாகத்தான் தேய்த்தான். பிறகு அந்தச் சத்தம் நின்றது. இனி மருந்து. கனகாம்பாள் தன் முதுகில்தான் வைக்கிறார்கள் என்பது போலப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

சண்முகசுந்தரம் வில்லியனூர்த் தேருக்குப் புது வடம் வாங்கினதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். போன திருவிழாவில் பழைய வடம் அறுந்து, இழுத்தவர்களெல்லாம் ஒருவர் மேல் ஒருவர் விழுந்த கதையைச் சொல்லி அவனே சிரித்தான். மாமனாரும் சிரித்தார்.

"பக்கிரி, மருந்து வச்சிட்டியாடா?" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தாள் கனகாம்பாள்.

"வச்சிட்டேம்மா."

"வறட்டியால நல்லா தேச்சியா? சும்மா தடவினியா?"

"நல்லா தேச்சிட்டேம்மா." பக்கிரியின் குரல் இறங்கிப் போயிருந்தது. "ரத்தமே வருதும்மா."

சண்முகசுந்தரம் திரும்பிப் பார்த்துச் சிரித்திருப்பான் போல. "தனம் ரொம்ப பயமுறுத்திச்சி மாமா. அத்த மருந்து நெருப்பு மாதிரி இருக்கும், பல்லக் கடிச்சிக்குங்கன்னு. எனக்கு ஒண்ணுமே தெரியல. அத்தைக்கு நல்ல கைராசி" என்றான்.

கனகாம்பாள் தயிர்க் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினாள். மகளைக் கிட்டே இழுத்து, "இதுக்கு முன்னால இன்னா மருந்து போட்டாருன்னு கேளுடி" என்றாள். தனக்கொடி கதவருகே நின்று கேட்டாள்.

அவன் ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னான். "இப்ப வந்தது உங்க வூட்டுதுதான்னு அம்மா சொல்றாங்க. ஆனா போன வருஷமே எனக்கு ஒரு தேமல் இருந்துச்சி. வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை அம்மா நீரடிமுத்து எண்ணெ தேச்சிவிடுவாங்க. உள்ளுக்கும் ரெண்டு சொட்டு குடுப்பாங்க. ஒரே கொமட்டல் அது, வாயில வைக்க முடியாது."

நீரடிமுத்து. அந்தப் பெயரை எந்த வீட்டிலும் படர்தாமரைக்குச் சொல்ல மாட்டார்கள். அது எதற்கு என்று கனகாம்பாளுக்கு நன்றாகத் தெரியும். அவள் பிறந்த வீட்டில் சித்தப்பாவுக்கு அந்த எண்ணெயைத்தான் தேய்த்தார்கள். முதலில் முதுகில் ஒரு வெளுப்பு வந்தது. பிறகு அடுப்பில் கை சுட்டது அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் பனந்தோப்புக்குள் குடிசை போட்டுக் கொடுத்து, வாசலில் சோற்றை வைத்துவிட்டு வந்தார்கள். சின்னப் பிள்ளையாக இருந்த கனகாம்பாள் எட்டி நின்று கூப்பிட்டால், அவர் விரல் மடங்கின கையை ஆட்டுவார். குஷ்டம் என்றோ பெருவியாதி என்றோ அந்த வீட்டில் யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள்.

அவள் எழுந்தாள். தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவைத் தாண்டித் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டாள். உலகநாதன் திகைத்துப்போய் எழுந்து நின்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் மாப்பிள்ளை எதிரில் வந்ததில்லை.

முதுகில் மூன்று இடத்திலும் தோல் வழன்று, மருந்தின் பச்சையோடு ரத்தம் கலந்து இடுப்பு வரைக்கும் இறங்கியிருந்தது. வேட்டியின் ஓரம் நனைந்திருந்தது. பையன் அதன் மேல் எலுமிச்சம்பழச் சாற்றைச் சுமந்துகொண்டு தேர்க் கதை பேசியிருக்கிறான். அவளைப் பார்த்ததும் அவன் பதறித் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டான். அந்த ரணத்தின் மேல் முரட்டுத் துண்டு உரசியது. அவன் முகம் சுளிக்கவில்லை.

"இன்னா அத்த?" என்றான். அவன் கண்ணில் கள்ளம் இல்லை. அவனுக்கு எதுவும் தெரியாது என்பது அவளுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. அய்யோ, இந்தப் பிள்ளையா என்று இருந்தது அவளுக்கு.

"ஒண்ணுமில்ல. மருந்து ஊறட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். வந்து, அந்தத் தயிர்க் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதாள்.

புருஷனிடம் வைக்கோல் போருக்குப் பின்னால் வைத்துச் சொன்னாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு, "நீ இன்னா பெரிய டாக்டரா? வாய மூடு" என்றார். "இது வெளிய போனா நம்ம அமிர்தத்துக்கு எவன்டி வருவான்? கட்டிக் குடுத்தாச்சி. அவ தலையெழுத்து." சொல்லிவிட்டு அவளைப் பார்க்காமல் கரும்புக் கொல்லைப் பக்கம் போய்விட்டார். ஆம்பளைகளுக்கு எப்போதும் ஒரு கொல்லை இருக்கிறது, போய் நிற்பதற்கு.

கனகாம்பாள் தன்னால் முடிந்ததைச் செய்தாள். மருந்து போடுகிற வரைக்கும் பத்தியம் என்று அறிவித்தாள். கத்திரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது, பெண்சாதி பக்கத்தில் படுக்கவும் ஆகாது. மகளைத் தன் பக்கத்திலேயே படுக்க வைத்தாள். அவன் சாப்பிட்ட இலையைத் தானே எடுத்தாள், அவன் துணியைத் தானே வெந்நீரில் போட்டாள். "இன்னாம்மா பத்தியம் இது, ஊர்ல இல்லாத பத்தியம்" என்று தனக்கொடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவனோ கன்றுக்குப் புல் போட்டுக்கொண்டும் இன்னும் முழுசாக ஆறாத நாயின் முறத்தைக் கழற்றி மாட்டிவிட்டுக்கொண்டும் வீட்டுப் பிள்ளை மாதிரி உலாவினான். அமிர்தத்துக்கு அவன் மேல் கொள்ளைப் பிரியம். அவன் சிரிக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் கனகாம்பாளுக்கு நெஞ்சில் கல் விழுந்தது. கல்யாணமாகி இருவரும் ஒரே பாயில் படுத்த நாட்களை நினைக்காமல் இருக்க அவள் பார்த்தாள். நினைப்பு அங்கேதான் போய் நின்றது. மகள் தூங்கும்போது அவள் முதுகுத் துணியை விலக்கிப் பார்ப்பாள். மாசு மறு இல்லாத முதுகு. ஆனால் அந்த நோய் வித்து மாதிரி உள்ளே கிடந்து, வருஷம் போய் முளைக்கும் என்று சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

வள்ளிநாயகி ஒரு வெள்ளிக்கிழமை பகலில் வில்வண்டியில் வந்து இறங்கினாள். பழம், பூ, பட்சணம் எல்லாம் தட்டுத் தட்டாக வந்தது. ஆம்பளைகள் வாசலில் பேசிக்கொண்டிருக்க, சம்பந்திகள் இருவரும் பின்கட்டுக்கு வந்தார்கள். தொழுவத்தில் பக்கிரி வறட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு ராமாயி நெல் குத்துகிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளைக்கென்று அரைத்த பகல் மருந்து அம்மிமேல் இருந்தது.

"எம் பொண்ண அனுப்ப மாட்டேன் சம்மந்தி" என்றாள் கனகாம்பாள், எடுத்த எடுப்பில்.

வள்ளிநாயகி ஏன் என்று கேட்கவில்லை. அதிலிருந்தே மிச்சமெல்லாம் தெரிந்துபோயிற்று.

"உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வந்தீங்க. அதுக்குத்தான் அன்னிக்கிக் கன்னப் போய்ப் பாத்தீங்களா?" என்றாள் கனகாம்பாள்.

"சத்தம் போடாதீங்க." வள்ளிநாயகி நிதானமாகத்தான் பேசினாள். "அனுப்பலன்னா ஊருக்கு இன்னா காரணம் சொல்லுவீங்க? கல்யாணத்துக்கு வந்தவங்க அத்தினி பேரும் அவ கழுத்தப் பாத்தாங்க. நானே காட்டினேன். எம் புள்ளைக்கு அவகிட்டேருந்துதான் வந்துச்சி, அது வெறும் படர்தாமரை இல்லன்னு நான் ஒரு வார்த்த சொன்னா, இல்லன்னு சொல்றதுக்கு உங்ககிட்ட யாரு இருக்காங்க? இன்னொரு பொண்ணு வேற வச்சிருக்கீங்க."

கனகாம்பாளுக்கு எல்லாம் விளங்கிற்று. எவ்வளவு நாளைக்கு முன்னால் கண்ணி வைத்திருக்கிறாள்! தான் மெச்சின ஒவ்வொரு சிரிப்பும் இப்போது கழுத்தை நெரித்தது.

"புதுச்சேரிக்குக் கூட்டினு போங்க. ஆஸ்பத்திரில ஊசி போடறாங்களாம். ஆரம்பத்துல பாத்தா நல்லாவும் போயிடும்னு சொல்றாங்க" என்றாள்.

"பேரு எழுதிக்குவாங்க. அப்புறம் எம் மண்டியில எவன் அரிசி வாங்குவான்?" வள்ளிநாயகியின் குரல் அப்போதுதான் உடைந்தது. "ஒத்தப் புள்ள சம்மந்தி. நாளைக்கு நான் போயிட்டா அவனுக்கு ஒரு வாய்க் கஞ்சி ஊத்த ஆளு வேணாமா? அவனுக்கு இதெல்லாம் தெரியாது. தெரியவும் வேணாம். நீங்க பெத்தவதானே, சொல்லுங்க. நீங்களா இருந்தா இன்னா பண்ணுவீங்க?"

நானாக இருந்தால்? கனகாம்பாள் ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். தானும் இதையே செய்திருப்பாள் என்று தோன்றியதும் அவளுக்குப் பயமாகிவிட்டது. அந்தப் பயத்தில்தான் அவள் அடுத்ததைச் செய்தாள். நின்று யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள்.

"ஏ தனக்கொடி, இங்க வாடி" என்று கத்தினாள். புறப்படுவதற்குப் புதுச்சேலை கட்டிப் பூ வைத்துக்கொண்டிருந்த பெண், என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள். கனகாம்பாள் அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். பக்கிரி அடுக்கியிருந்ததில் ஒரு வறட்டியை உருவினாள். படர்தாமரை இருந்து ஆறின அதே இடத்தில், சுத்தமான கழுத்தில், வைத்துத் தேய்த்தாள். "அம்மா, இன்னா பண்ற நீ, வுடும்மா" என்று பெண் திமிறினாள். விடவில்லை. தோல் சிவந்ததும் அம்மியிலிருந்த மருந்தை ஒரு கை வழித்து அப்பினாள்.

தனக்கொடி அலறின அலறலில் தொழுவத்து மாடுகள் மிரண்டன. ராமாயியின் உலக்கை நின்றது. வேலிக்கு மேல் தலைகள் முளைத்தன.

"கேட்டுக்கங்க!" என்றாள் கனகாம்பாள். அழுகையும் வெறியுமாக அவள் குரல் கிறீச்சிட்டது. "எல்லாரும் கேட்டுக்கங்க. எம் பொண்ணுக்கு எரியுது. நல்லா எரியுது. அவ ஒடம்புல ஒரு நோவும் இல்ல."

பெற்ற பெண் துடிக்கிறாள், இவளுக்கு அது தேனாகப் பாய்கிறது. வள்ளிநாயகி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாட்சிக்கு ஆள் ஏது என்று கேட்டவளுக்கு இப்போது வேலி நெடுகச் சாட்சி.

அலறலைக் கேட்டு வாசலிலிருந்து ஓடி வந்தவன் சண்முகசுந்தரம். பின்கட்டு நிலைப்படியில் நின்று பார்த்தான். கழுத்தைப் பிடித்துக்கொண்டு அழுகிற பெண்சாதியைப் பார்த்தான். அத்தை கையிலிருந்த வறட்டியையும் அவள் விரலில் ஒட்டியிருந்த பச்சை மருந்தையும் பார்த்தான்.

"எனக்குப் போடற அதே மருந்தா?" என்று கேட்டான்.

பக்கிரி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க மாப்ளய்யா" என்றான்.

சண்முகசுந்தரம் துண்டுக்குள் கையை விட்டு முதுகைத் தொட்டுப் பார்த்தான். காயத்தின் மேலேயே விரலை வைத்து அழுத்தினான். பிறகு விரலை எடுத்து அதிலிருந்த ஈரத்தைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்து வழக்கமான சிரிப்பு இறங்கிற்று. கனகாம்பாளுக்கு அப்போதுதான் தான் செய்தது என்ன என்று உறைத்தது. ஊருக்குச் சொல்லப் போய் இவனுக்கும் சொல்லிவிட்டாள்.

அவன் தாயைப் பார்த்தான். "எனக்கு ஏம்மா எரியல?" என்று கேட்டான்.

வள்ளிநாயகி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். வேலி ஓரத்தில் யாரோ ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாலடி பின்னால் போனாள்.

தனக்கொடியின் அழுகை நின்றுவிட்டது. கழுத்து எரிய, கண்ணீர் வழிய, அவள் புருஷனையே பார்த்தாள். "இன்னாங்க" என்று கூப்பிட்டபடி அவன் பக்கம் ஓரடி எடுத்து வைத்தாள். அவள் கை இன்னும் கனகாம்பாளின் பிடியில் இருந்தது. கனகாம்பாள் விடவில்லை.